காற்றுக்குக் கழிக்க வேண்டியது

கெலமங்கலம் தாண்டி, கல்லெடுத்து முடிந்து
தண்ணீர் தேங்கிக் கிடக்கும் குவாரியில்
பதினொரு நாள் குப்புறப் படுத்திருந்தேன்.
காக்கிச் சட்டையின் பொத்தான்கள்
மார்பில் பதிந்த தடம் இன்னும் போகவில்லை.

நூறு மீட்டரில் யூரியாச் சாக்கு.
இருநூறில் அதே சாக்கு, நாலாய் மடித்து.
முந்நூறில் ஒரு எவர்சில்வர் தட்டு.
தட்டு என்னுடையது. இனி
இலையில் தின்றால் போயிற்று.

துப்பாக்கியோடு வந்த ஜெராக்ஸ் புத்தகத்தில்
பதினேழாம் பக்கம் இல்லை.
பதினாறு, 'மூச்சைப் பாதி விட்டு' என்று முடிகிறது.
பதினெட்டு, 'குழலைத் துடைக்கவும்' என்று தொடங்குகிறது.
நடுவில் இருந்ததை என் தோள் படித்தது,
முதலில் நீலமாக,
அப்புறம் பச்சையாக,
குளிக்கும்போது பார்த்தால் மஞ்சளாக.

குண்டு நேராகப் போகும் என்று நினைத்திருந்தேன்.
அதுவும் எறிந்த கல்தான், கொஞ்சம் அவசரக்காரக் கல்.
முந்நூறுக்குப் போய்ச் சேர்வதற்குள்
ஒன்றரை முழம் இறங்கிவிடுகிறது.
மேல்காற்று அடித்தால் ஒரு சாண் தள்ளிப் போகிறது.
ஆகவே தட்டை அடிக்க
தட்டைப் பார்க்கக் கூடாது. அதற்கு மேலே,
சற்று இடப்பக்கம், ஒன்றுமே இல்லாத கல்லைப் பார்க்க வேண்டும்.

பழைய ரவிக்கையைக் கிழித்துக் குச்சியில் கட்டினேன்.
அது என் காதோரக் காற்றை மட்டும் சொன்னது.
பாதி வழியில் கேழ்வரகுத் தாள்கள் வேறு பக்கம் சாய்ந்தன.
அக்கரையில், தக்காளிக் கூடைகளை எரிக்கிற புகை
நிமிர்ந்தே நின்றது.
ஒரே தோட்டா, மூன்று காற்று.
எதை நம்புவது என்று பிலிகிரியைக் கேட்டேன்.
அவனும் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன்தான்.
"ஓட்டுப் போட்டுப் பார்ப்போம்" என்றான்.

நான் சுடுவேன். அவன் "ஒன்று" என்பான்.
"இரண்டு" என்று வாய் திறப்பதற்குள்
டங்.
டங் வராத நாட்களில்
அவன் ஆறு, ஏழு வரை எண்ணிக்கொண்டிருப்பான், பாவம்,
எனக்காக.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது.
ஐந்து தோட்டா. கையெழுத்து.
நாகதொட்டியில் சிக்கமாதப்பாவின் கடலைக்காடு,
மூன்றே ராத்திரியில் அரை ஏக்கர் உழுதுவிட்டிருந்தன பன்றிகள்,
கலப்பை இல்லாமல், டீசல் இல்லாமல்.
"வாடகை மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை" என்றார்.
சிரிக்கவில்லை.

கிழக்கு சாம்பலாகும் நேரம்.
பாறை மேல் நான். பனி முழங்கையை நனைத்தது.
வரப்பேறி வந்தது தனியன், மூக்கில் மண்,
இருநூற்று நாற்பதுக்குக் குறையாது.
கண்ணாடிக்குள் அது மெல்லுவது தெரிந்தது.
தாடையோரம் ஒரு வெள்ளை மயிர் தெரிந்தது.
மூச்சைப் பாதி விட்டேன்.
புகை இல்லை, கொடி அசையவில்லை, மூன்று காற்றும் ஒரே கட்சி.

அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கறுப்பு.
குட்டையாய், உருண்டையாய். இரண்டாவது பன்றி, என்று எண்ணினேன்.
விரல் இறுகத் தொடங்கியிருந்தது.
அந்தக் கறுப்பில்
ஒரு சிவப்புப் புள்ளி
பெரிதாகி, மங்கி, மீண்டும் பெரிதாகியது.

பீடி.

கம்பளி போர்த்திக்கொண்டு, வரமாட்டேன் என்று சொன்ன மனிதர்,
தன் காட்டுக்குத் தானே காவலாய்,
என் நேர்கோட்டின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார்.

எத்தனை நேரம் என்று தெரியாது. விரலை எடுத்து
மரக்கட்டையோடு நீட்டி வைத்தேன். அது நடுங்கியது,
என்னுடையது இல்லாதது மாதிரி.
தனியன் சாவகாசமாய் இன்னும் நான்கு செடி பிடுங்கித் தின்றது.

விடிந்ததும் வந்து கத்தினார்:
"அவ்வளவு பக்கத்தில் நின்றதே, சுட வேண்டியதுதானே?
எதற்குச் சம்பளம்?"
பிலிகிரி என்னைப் பார்த்தான். நான் அவருடைய கம்பளியைப் பார்த்தேன்.
நெஞ்சுக்கு நேரே பீடி சுட்ட ஓட்டை ஒன்று,
பழசு.

பதிவேட்டில்: கொடுத்தது ஐந்து. திரும்பியது ஐந்து.
காரணம் என்ற கட்டத்தில் 'காற்று' என்று எழுதினேன்.
கிளம்பும்போது, வைதுகொண்டே,
பன்றி விட்டுப் போனதில் பால் பிடித்த கடலை ஒரு பிடி
என் தொப்பிக்குள் போட்டார்.
ஜீப் வரை நடந்தபடி உரித்துத் தின்றோம்.
மண் நறநறத்தது.